மஞ்சள் விளக்குக்கு மாமன் சொல்ற வைத்தியம்

மாப்ளே, மஞ்சள் விளக்கு எரியறதுக்கு வைத்தியம் ரொம்பச் சுலுவு. கருப்பு இன்சுலேஷன் டேப்புல ஒரு துண்டு கிழிச்சு, டேஷ்போர்டுல அந்த ஏபிஎஸ்ங்கற எழுத்து மேல ஒட்டிப்போடு. காசுஞ் செலவில்ல, கண்ணுக்கும் உறுத்தல் இல்ல. உனக்குக் காரை வித்தவனும் அதைத்தான் பண்ணி வெச்சிருந்தான். நீதான் சுத்தபத்தமா இருக்கோணும்னு டேப்பை உரிச்சுப்போட்டு, இப்ப விளக்கு எரியுது விளக்கு எரியுதுன்னு தூக்கங்கெட்டுத் திரியற.

வாங்கறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. திருச்செங்கோட்டு ரிக் லாரியில ராஜஸ்தான் வரைக்கும் போய் போர் போட்டுட்டு வந்த மாமன் ஒருத்தன் திண்ணையில உக்காந்திருக்கான், மிதிச்சா நிக்கும்ங்கறதைத் தவிர அவனுக்கு பிரேக்கைப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சிருப்ப. நெனச்சதுல தப்பில்ல. எங்க காலத்துல இந்த ஏபிஎஸ்ஸாட்ட பிரேக்குக்குன்னு தனியா மூளை கிடையாது. இருந்த மூளை டிரைவர் தலைக்குள்ளதான் இருந்துச்சு. சிலபேர்த்துக்கு அங்கயும் இருக்காது.

கேட்டிருந்தா ஒண்ணு மட்டும் சொல்லியிருப்பேன். பழைய கார் பாக்கப் போனா, சாவியைத் திருப்புனதும் அந்த மஞ்சள் விளக்கு ஒரு தரம் எரிஞ்சு ரெண்டு மூணு நொடியில அணையோணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லீன்னா அதைவிடப் பெரிய கோளாறு. விளக்கையே புடுங்கிப் போட்டிருக்கறான்னு அர்த்தம். காலடி மேட்டைத் தூக்கிப் பாத்தயா? 2015 டிசம்பர்ல சென்னையில முழுகுன காரு, 2018ல கேரளாவுல முழுகுன காருன்னு கழுவித் தொடைச்சு ஊர் ஊரா வித்தாங்க. வாங்குனவனுக்கு லாபமாத்தான் தெரிஞ்சுது. தண்ணி குடிச்ச கப்ளரு ரெண்டு மூணு வருசங்கழிச்சுத்தான் பச்சை பூத்து வாயைத் தொறக்கும்.

போனது போகட்டும். கோயமுத்தூர்ல கண்ணாடிக் கதவு போட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனயாம். ஏசியில உக்கார வெச்சு காப்பி குடுத்தாங்களாம். கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துப்போட்டு, "சார், ஏபிஎஸ் மாட்யூல் போயிருச்சு, யூனிட்டோட மாத்தோணும், லட்சத்துக்கு மேல ஆகும்"னு சொன்னாங்களாம். நீயும் வந்து, காப்பி நல்லாருந்துச்சு மாமான்னு சொல்ற. லட்ச ரூவாக் காப்பி நல்லாத்தான் இருக்கும்.

அவுங்ககிட்ட நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கோணும்: "எந்தப் பாதி போச்சுங்க?"

ஏன்னா அந்தப் பெட்டி பாக்கறதுக்குத்தான் ஒண்ணு. அசல்ல ரெண்டு சாமானை ஒட்டுக்கா வெச்சு ஸ்குரூப் போட்டு முடுக்குனது. ஒரு பக்கம் அலுமினியக் கட்டி. மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ரெண்டு பைப்பு அதுக்குள்ள வரும், நாலு சக்கரத்துக்கு நாலு பைப்பு வெளிய போகும். சாதா ஏபிஎஸ்னா உள்ளுக்குள்ள சக்கரத்துக்கு ரெண்டு வீதம் எட்டு வால்வு, வண்டி வழுக்கித் திரும்பாமப் பாத்துக்கற ஈஎஸ்பி இருந்தா பன்னெண்டு. கூடவே ஆயிலைத் திருப்பித் தள்ளறதுக்கு ஒரு பம்பு, அதைச் சுத்தறதுக்கு ஒரு மோட்டாரு. இந்தப் பாதியில ஓடறது ஆயிலு. மறு பக்கம் கருப்புப் பிளாஸ்டிக் டப்பா. அதுக்குள்ள சர்க்யூட் போர்டும், வால்வுத் தலைமேல போய்ச் சொருகிக்கற காயிலும். இந்தப் பாதியில ஓடறது கரண்டு, ஒரு சொட்டு ஆயிலுகூடக் கிடையாது. பெரும்பாலான வண்டியில நட்சத்திரத் தலை ஸ்குரூ நாலஞ்சைக் கழட்டுனா, பைப்பைத் தொடாமலே கருப்புப் பாதி தனியாக் கையோட வந்துரும்.

எச்சாப் போறது அந்தக் கருப்புப் பாதிதான். அதைச் சொல்லாம ரெண்டையும் சேத்து உன்ற தலையில கட்டறது, மாட்டுக்குக் கழுத்து மணி அறுந்துச்சுன்னு மாட்டையே மாத்தச் சொல்ற யாவாரம். அதுக்காக அவுங்க மேல கோவிச்சுக்காதே. அவுங்களுக்கு டப்பாவைத் தொறக்கறதுக்கு ஆள் கிடையாது, கம்பெனியும் பாதியைத் தனியா விக்கறதில்ல. முழுசா மாத்துனா வேலையும் சுத்தம், கேரண்டியும் குடுக்கலாம். எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான். பணமும் உன்றதுதான்.

ஆனா மாப்ளே, எந்தப் பாதின்னு கேக்கறதுக்கும் முந்தி இன்னொண்ணு இருக்குது. பெட்டிதான் போச்சுன்னு ஆரு சொன்னது?

விளக்கு எரிஞ்சா பெட்டிதான் கெட்டுதுன்னு அர்த்தமில்ல. எங்கியோ ஒரு சமாச்சாரம் ஒத்து வரல, அதனால நான் வெலகிக்கறேன்னு பெட்டி சொல்லுதுன்னு அர்த்தம். நாலு சக்கரத்துலயும் நாலு சென்சாரு. ஒவ்வொண்ணும் சக்கரம் எவ்வளவு வெசையாச் சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கோணும். ஒருத்தன் வாயை மூடுனாலும் பெட்டி கடையைச் சாத்திரும். நாம என்ன பண்றோம்? வாயை மூடுனவனை உட்டுப்போட்டு, கடையைச் சாத்துனவனைப் போட்டு மொத்தறோம்.

சொல்றதைக் கேளு. பேட்டரியைப் பாக்காதே. வோல்டேஜ் எறங்குனா இந்தப் பெட்டி முதல்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும், ஆல்டர்னேட்டரு ஒழுங்கா சார்ஜ் ஏத்தலீன்னாலும் அப்படித்தான். ஆனா பேட்டரி பாத்தேன்னு சொன்னா ஒறம்பரையில ஆரு மதிப்பாங்க? ஃபியூசையும் பாக்காதே, அது பத்து ரூவாச் சாமான். பெட்டிக்குப் போற எர்த் வயரு துருப்புடிச்சிருக்குதான்னும் பாக்காதே. கார் ஷெட்டை ஒட்டி மக்காச்சோள மூட்டை அடுக்கி வெச்சிருக்கறயே, அந்த எலி பானெட்டுக்குள்ளார பூந்து எந்த வயரைக் கடிச்சிருக்குதுன்னு குனிஞ்சு பாத்துப்போடாதே, சட்டை அழுக்காயிரும். நேரா லட்ச ரூவாயை எடுத்து வெச்சுப் பெட்டியை மாத்து. மாத்தி முடிச்சதும் விளக்கு மறுபடி எரியும். அப்ப அந்த எலியையும் நேர்ல பாக்கலாம்.

ரோட்டுக்கு அக்கட்டத் தோட்டத்துக்காரன் மகன் அப்படித்தான் பாத்தான். அவனுக்கு முன்சக்கரத்து பேரிங் சத்தம் போட்டுது, மாத்துனான். மாத்துன கையோட விளக்கு வந்துருச்சு. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுனான், சக்கரத்துச் சென்சாருன்னு கோடு வந்துச்சு. புதுச் சென்சாரு போட்டான், போகல. வேற கம்பெனிச் சென்சாரு போட்டான், அப்பவும் போகல. "அப்ப பெட்டிதாங்க"ன்னுட்டான். பையனும் நகையை அடகு வெச்சுப் பெட்டி மாத்துனான். கோயில்ல தேங்காய் ஒடைச்சு, வண்டியை எடுத்து, கடைவீதி தாண்டறதுக்குள்ள விளக்கு எரிஞ்சுது. அப்பறம் சேலத்துல ஒரு கெழட்டு மெக்கானிக்கு, காரைத் தொடறதுக்கு முன்னாடி, "விளக்கு வர்றதுக்கு முந்தி கடைசியா என்ன வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டிருக்கறான். சமாச்சாரம் அங்கதான் இருந்துச்சு. இப்ப வர்ற பல காருல பேரிங் சீலுலயே ஒரு பக்கம் காந்தம் வெச்சு வருது, வடக்கு தெக்குன்னு மாத்தி மாத்தி. அந்தப் பக்கம் சென்சாரைப் பாத்து இருக்கோணும். நம்ம ஆளு பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடிச்சிருக்கறான். சக்கரம் அருமையாச் சுத்தும். சென்சாருக்குத்தான் ஒண்ணுந் தெரியாது.

பழைய மாடல்ல ஆக்சில் மேல பல்லு வெச்ச வளையம் இருக்கும். அது துருவேறிப் பொம்மி வெடிச்சா வேற கூத்து. விளக்கே எரியாது. ஆனா சிக்னல்ல நிக்கறதுக்குப் போறப்ப, நடக்கற வேகத்துல, காலுக்கடியில பெடலு கடகடன்னு ஒதறும். காஞ்ச ரோட்டுல ஏபிஎஸ் எதுக்குடா வேலை செய்யுதுன்னு நீ முழிப்ப. ஒடைஞ்ச பல்லு வர்றப்பெல்லாம் சக்கரம் வழுக்குதுன்னு பெட்டி ஏமாந்து போகுது. அதுக்கும் பெட்டியை மாத்துன புண்ணியவாளன் இருக்கறான்.

மல்டிமீட்டரு வெச்சிருக்கறேன்னு பீத்திக்கற. அதை எங்க வெக்கோணும்னு தெரிஞ்சு வெய்யி. பழைய காந்தச் சென்சாருன்னா ஓம் பாக்கலாம். சுமாரா ஒரு கிலோ ஓம், ஒண்ணரை கிலோ ஓம் காட்டும், சக்கரத்தைக் கையில சுத்துனா துளி ஏசி வோல்ட் வரும். இப்ப வர்ற ஆக்டிவ் சென்சாருக்கும் ரெண்டே வயருதான், பாக்கறதுக்கு ஒண்ணாட்டத்தான் இருக்கும். அதுல ஓம் வெச்சுக் குத்துனா ஒண்ணுந் தெரியாது, நல்லா இருந்த சென்சாரும் போனாலும் போயிரும். அதுக்கு வழி வேற. ஸ்கேனர்ல நாலு சக்கரத்து வேகத்தையும் ஒட்டுக்காப் போட்டு, நீ மெதுவா ஓட்டு, பக்கத்துல ஒருத்தன் பாக்கட்டும். மூணு சக்கரம் 20ன்னு காட்டறப்ப ஒண்ணு மட்டும் சைபர்னு காட்டுனா, இல்லாட்டி திரும்பறப்ப விட்டு விட்டு வந்தா, அந்தச் சக்கரத்துக்குக் கிட்டப் போய் வயரைப் புடிச்சு ஆட்டிப் பாரு. ஸ்டீரிங் திரும்பறப்பெல்லாம் மடங்கி நிமிர்ற வயரு அது. ரப்பருக்கு உள்ளார அறுந்து கிடக்கும், வெளிய தெரியாது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேற அளவு டயரு போட்டிருந்தாலும் கணக்கு ஒதைக்கும். அந்தச் சிக்கனம் உனக்கு உண்டு, உங்கப்பன் ரத்தம்.

இதெல்லாம் சரியா இருந்து, அப்பவும் விளக்கு எரிஞ்சா, சரி, இப்பப் பெட்டி மேல சந்தேகப்படு. அதுக்கும் சாடை இருக்குது. ஸ்கேனரு மத்த எல்லாப் பெட்டியோடயும் பேசும், இதோட மட்டும் பேச முடியாது. இல்லாட்டி ஒரே சமயத்துல எல்லா வால்வுக்கும் கோடு வரும். வெள்ளென எடுக்கறப்ப விளக்கு இருக்காது, எஞ்சின் சூடேறுனா வரும். சிலதுல சாவியை எடுத்த பின்னாடியும் பம்பு மோட்டாரு முனகிக்கிட்டே கிடக்கும், பொழுது விடிஞ்சா பேட்டரி காலி. வேகம் காட்டற முள்ளு படுத்துக்கறதும் உண்டு. பல வண்டியில முள்ளுக்கு வேகத்தைச் சொல்றதே இந்தப் பெட்டிதான்.

எதனால போகுதுன்னு கேட்டா, வெச்ச எடம் அப்படி. எஞ்சினுக்குப் பக்கத்துல வெச்சு, தினம் வெந்து தினம் ஆறுது. அந்த விரியறதுலயும் சுருங்கறதுலயும் ஈயப்பத்துல கீறல் விழும், தலைமுடியவிட மெல்லிசா உள்ளுக்குள்ள கட்டியிருக்கற அலுமினியக் கம்பி அறுந்துரும். நாமளும் நம்ம பங்குக்கு உதவி பண்றோம். வாட்டர் சர்வீஸ் கடையில பானெட்டைத் தொறந்து உட்டு, எஞ்சின் பளபளன்னு இருக்கோணும்னு ஹோஸை நேரா கப்ளருக்குள்ள அடிக்கச் சொல்றோம். பேட்டரி வயரைக் கழட்டாம பம்பருக்குப் பின்னாடி கொக்கி வெல்டிங் வெக்கறோம்.

இப்பத்தான் நீ கேக்க வேண்டிய கேள்வி வருது. ரிப்பேரா, மாத்தறதா?

கருப்புப் பாதி மட்டும் போயிருந்தா ரிப்பேரு. எலக்ட்ரானிக் பெட்டியை மட்டுமே தொறந்து பாக்கற ஆளுக இப்ப சென்னை, கோயமுத்தூர் பக்கமெல்லாம் இருக்கறாங்க. அவுங்ககிட்டத் தாட்டியுட்டா போர்டைச் சரி பண்ணித் திருப்பி அனுப்புவாங்க. இதுல பணம் மிச்சம்ங்கறதைவிடப் பெரிய சவுகரியம் ஒண்ணு இருக்குது. அது உன்ற காரோட சொந்தப் பெட்டி. வண்டி நம்பரு, என்ன எஞ்சின், என்ன டயருங்கற கோடிங்கெல்லாம் அதுக்குள்ளயே இருக்கும். பழையபடி மாட்டி, கோடை அழிச்சா வேலை முடிஞ்சுது. புதுசு வாங்குனா அதை உன்ற காருக்குன்னு பழக்கறதுக்குக் கம்பெனி ஸ்கேனரு வேணும், ஈஎஸ்பி இருந்தா ஸ்டீரிங் சென்சாரையும் நேர் பண்ணோணும்.

கழட்டறதை நீயே பண்ணு, வேண்டாங்கல. ஆனா கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடு. நீ எடுக்கற போட்டோவெல்லாம் சாப்பாட்டுத் தட்டுதான், ஒருக்கா இதையும் எடு. பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி வெச்சுப்போட்டுத்தான் கப்ளரைத் தொடோணும். டப்பா வந்தப்பறம் அலுமினியக் கட்டியில வால்வுத் தலையெல்லாம் மொட்டையா நிக்கும். அதுமேல மண்ணு, தண்ணி படாம பிளாஸ்டிக் கவரு போட்டுக் கட்டு. திருப்பி மாட்டறப்ப ரப்பர் வாசரு ஒழுங்கா உக்காந்துச்சான்னு பாத்து, ஸ்குரூவைக் குறுக்கும் மறுக்குமா, அளவா முடுக்கு. லாரிச் சக்கரம் முடுக்கற பலத்தை அதுல காட்டாதே.

பெட்டி திரும்பி வர்ற வரைக்கும் காரை எடுக்காதே. மிதிச்சா பிரேக் புடிக்கத்தான் செய்யும், இல்லீங்கல. ஆனா முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கு போட்டுக் குடுக்கற ஈபிடியும் அதே டப்பாவுலதான் இருக்குது. அது இல்லாம வெசையா மிதிச்சா, பின்சக்கரம் முந்தி இறுகி, வண்டி பின்னாடியைத் திருப்பி முன்னாடி கொண்டுவந்து காட்டும். அதனாலதான் மஞ்சளோட செவப்பு விளக்கும் சேந்து எரிஞ்சா ஓரங்கட்டச் சொல்றது. செவப்புக்கு பிரேக் ஆயில் எறங்குனதுங்கற அர்த்தமும் உண்டு, அது இன்னும் மோசம். டவுன் பஸ்ல போ. நாலு மூஞ்சியைப் பாத்த மாதரயும் இருக்கும்.

யூடியூப்ல பாத்தேன், நானே டப்பாவைத் தொறந்து சால்டரிங் வெச்சுக்கறேன்னு சொல்றயே, அந்தத் தைரியத்தை நான் மெச்சறேன். மூடியைக் கம்பெனியில ஒட்டியே அனுப்பியிருப்பான், பிளேடு வெச்சு அறுத்துத்தான் தொறக்கோணும். அறுக்கறப்ப உள்ள இருக்கற போர்டு அறுபடாம இருக்கறது உன்ற ஜாதகம். தொறந்தா மேல ஜெல்லு ஊத்தியிருக்கும், அதுக்கடியில அந்த அலுமினியக் கம்பி. அலுமினியத்துல உன்ற ஈயம் ஒட்டாது. அதுக்குன்னு தனி மிசின் இருக்குது. சில பழைய மாடல்ல தடி ஈயப்பத்து இருக்கும், அதைக் கை தேர்ந்தவன் ஓட்டிப்போடுவான். ரேடியோ ரிப்பேர் பண்ற நம்ம ஊர் ஆளு உன்றதையும் பண்றேன்னுதான் சொல்லுவான். அவன் மோட்டார் பம்புக்கும் பண்றேன்னான், கிணத்துல தண்ணி இன்னும் வரல.

சரி, அலுமினியப் பாதி போயிருந்தா? அங்க ரிப்பேரைப் பத்திப் பேசாதே. உள்ளுக்குள்ள வால்வு ஒட்டிக்கிட்டாலோ, பம்பு இறுகுனாலோ மாத்தறதுதான். அது எப்படி இறுகுதுன்னு கேட்டா மறுபடி உன்ற சிக்கனத்துக்குத்தான் வரோணும். பிரேக் ஆயிலு காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். குடிக்கக் குடிக்கக் கொதிநிலை எறங்கும், உள்ள இரும்பு துருப்புடிக்கும். அதனாலதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்க. நீ வாங்குன காருல ஆயிலைப் பாத்தேன், கடுங்காப்பி நெறம். மோட்டாரு இறுகுனா கரண்டை எச்சா இழுக்கும், இழுத்தா கருப்புப் பாதியும் வெந்துரும். இதை மோட்டாரைப் பாக்காம போர்டை மட்டும் சரி பண்ணி மாட்டுனவன்கிட்டக் கேளு, திரும்பவும் போர்டு போனதை அழுதுக்கிட்டே சொல்லுவான். அதனால ரிப்பேருக்குத் தாட்டியுடறப்பவே, மோட்டாரு எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு இங்க பாத்து வெச்சுக்கோணும்.

சென்னைப் புதுப்பேட்டையில பழைய யூனிட்டு கம்மி விலைக்குக் கிடைக்கும்னு ஆராவது சொல்லியிருப்பாங்க. கிடைக்கும். புதுப்பேட்டையில கிடைக்காதது எது? ஆனா பார்ட் நம்பரு கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகோணும். பாக்கறதுக்கு அச்சு அசலா இருக்கும், ஈஎஸ்பி இல்லாத மாடலா இருக்கும். எந்தக் காருல இருந்து கழட்டுனது, அது எங்க எப்படி மோதுச்சுன்னு கடைக்காரனுக்கும் தெரியாது. வாங்குனா அதோட அலுமினியப் பாதியை மட்டும் எடுத்து, உன்ற நல்ல கருப்புப் பாதியை அதுல மாட்டலாம்னு சில மெக்கானிக் சொல்லுவான். நம்பரு ஒத்தா கோடிங் தொல்லை மிச்சம்.

கட்டியை மாத்தறதுன்னா ஆறு பைப்பையும் கழட்டோணும். சாதா ஸ்பேனரு வெச்சா நட்டோட மூலை மழுங்கும், பைப் நட்டுக்குன்னு இருக்கற ஸ்பேனரு வேணும். ஆயிலு பெயிண்டு மேல சிந்துனா பெயிண்டு கையோட உரிஞ்சு வரும், பக்கத்துல ஒரு குடம் தண்ணி இருக்கட்டும். மாட்டுனப்பறம் ஏர் எடுக்கறதுலதான் சூட்சுமம். நீ மிதிக்க, ஒருத்தன் சக்கரத்துல நிப்பிளைத் தொறக்கங்கற எங்க காலத்து வழியில பாதிக் காத்துதான் வரும். மீதி அந்த வால்வுக்குள்ளார பதுங்கியிருக்கும். ஸ்கேனரை மாட்டி, வால்வையும் பம்பையும் ஓட உட்டு, அப்பறம் மறுக்கா ஏர் எடுக்கோணும். செய்யலீன்னா வீட்டு வாசல்ல பெடலு கெட்டியா இருக்கும், அவசரத்துக்கு மிதிக்கறப்ப மெத்துனு உள்ள போகும். ஊத்தறது மூடி தொறக்காத டப்பாவா, கம்பெனி சொன்ன டாட் நம்பரா இருக்கோணும். அதுக்குப் பதிலா எஞ்சின் ஆயிலை ஊத்துன மகராசன் ஒருத்தனை எனக்குத் தெரியும். ரப்பரெல்லாம் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டர்ல ஆரம்பிச்சு நாலு சக்கரம் வரைக்கும் புதுசா வாங்குனான்.

இவ்வளவு எதுக்கு, எங்க காலத்துல இதெல்லாமா இருந்துச்சுன்னு உங்கப்பன் சொல்லுவான். சொல்லட்டும். 1950கள்லயே ஏரோப்ளேன் சக்கரத்துக்கு டன்லப்காரன் மேக்சாரெட்னு ஒண்ணு பண்ணிட்டான். 1978ல பாஷ் கம்பெனி எலக்ட்ரானிக்ல பண்ணி மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல மாட்டுனான், அப்ப அது 6 கிலோவுக்கு மேல. இப்ப வர்றது அதுல பாதிகூட இல்ல. 2019 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுல விக்கற புதுக் காருக்கெல்லாம் கட்டாயம், 125 சிசிக்கு மேல பைக்குக்கும் கட்டாயம். நாங்க மழையில பெடலை விட்டு விட்டு மிதிச்சு ஓட்டுனோம், நெசந்தான். நொடிக்கு ரெண்டு தரம் மிதிச்சவன் பெரிய டிரைவரு. அந்தப் பெட்டி நொடிக்குப் பத்துத் தரத்துக்கு மேல, அதுவும் எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுக்கு மட்டும், விட்டுப் புடிக்குது. என்னால நாலு காலை வெச்சு நாலு சக்கரத்தைத் தனித்தனியா மிதிக்க முடியாது.

அதுக்காக அதைச் சாமியாக்கிராதே. அது இருக்கறது, மிதிச்சுக்கிட்டே நீ ஸ்டீரிங்கைத் திருப்பித் தப்பிக்கறதுக்கு. சரளைக் கல்லுலயும் மணல்லயும் ஏபிஎஸ் வண்டி இன்னுங் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும். கொல்லிமலையில 70 வளைவு, திம்பத்துல 27. அதுல எறங்கறப்ப நியூட்ரல்ல உட்டு பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா, பிரேக்கு சூடேறி நிக்காமப் போகும். அங்க வந்து எந்தப் பெட்டியும் உன்னையக் காப்பாத்தாது, ரெண்டாவது கியருதான் காப்பாத்தும்.

பில்லுக் கட்டறதுக்கு முன்னாடி, கழட்டுன பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்க. எந்தக் கோடு இருந்துச்சு, என்ன பண்ணுனாங்கன்னு எழுதி வாங்கு. குடுக்க யோசிச்சா, அந்தக் காப்பியை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சுக்கிட்டே உக்காந்திரு, குடுப்பாங்க.

அப்பறம் ஆளில்லாத ரோடாப் பாத்து, பின்னாடி வண்டி வரலீன்னு கண்ணாடியில பாத்துக்கிட்டு, 40ல போய் ஒரே மிதி மிதி. பெடலு காலை எதிர்த்துக் கடகடன்னு அதிரும். பயந்து காலை எடுத்துராதே, அதுதான் அது வேலை செய்யற லச்சணம். நல்லா அழுத்திப் புடிச்சுக்கிட்டு லேசா ஸ்டீரிங்கைத் திருப்பிப் பாரு, வண்டி சொன்னபடி கேக்கோணும். சாவியை அணைச்சுப் போட்டு, மறுபடி எடுத்து ஓட்டிப் பாரு, விளக்கு வரக்கூடாது. என்னையும் கூட்டிக்கிட்டுப் போ, நான் முன்னாடி உக்காந்துக்கறேன். உன்ற அத்தைகிட்ட மட்டும் சொல்லாதே. சொன்னா சந்தைக்குப் போகோணும்னு அவளும் வந்து பின்னாடி ஏறிக்குவா. மடியில மோர் தூக்குப்போசி இருக்கும், மூடி எப்பவும் பாதிதான் போட்டிருப்பா.